பழைய கேமரோவுக்குள்ள எல்எஸ்3 இறக்கறீங்களா? முதல்ல பெட்ரோல் லைனை பாருங்க

அமெரிக்காவுல பழைய கார் மேல பைத்தியமா இருக்கறவங்க கிட்ட இப்ப ரொம்ப சகஜமா நடக்கற வேலை ஒண்ணு இருக்கு. 1967ல இருந்து 1969 வரைக்கும் வந்த முதல் தலைமுறை செவர்லே கேமரோவை வாங்கி, உள்ள இருக்கற பழைய வி8ஐ (எட்டு சிலிண்டர் இன்ஜின்) கழட்டிட்டு, ஜிஎம்மோட (ஜெனரல் மோட்டார்ஸ்) எல்எஸ்3 இன்ஜினை இறக்கிடறாங்க. 6.2 லிட்டர், 2008 மாடல் கார்வெட்ல வந்தது, 430 ஹெச்பி, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், குளிர்காலத்துலயும் சாவி திருப்பினா உடனே ஸ்டார்ட் ஆகிடும், ஆசைப்படறதுல தப்பே இல்ல. மவுண்ட், ஹெடர் (இன்ஜின்ல இருந்து புகை போற பைப்), ரேடியேட்டர், வயரிங் எல்லாத்துக்கும் மாசக்கணக்குல யோசிச்சு காசு செலவு பண்றவங்க, டேங்க்ல இருந்து இன்ஜினுக்கு போற சுண்டுவிரல் தடிமன் கூட இல்லாத அந்த பைப்பை மட்டும் கடைசியா, பட்ஜெட் எல்லாம் தீர்ந்த பிறகு, ஏனோதானோன்னு பண்ணிடறாங்க. இன்ஜின் சாகறதும் கார் தீப்பிடிக்கறதும் பெரும்பாலும் அந்த கடைசி நேர வேலையில இருந்துதான் ஆரம்பிக்குது, அதனாலதான் இதை இவ்வளவு விவரமா எழுதறேன்.

பெட்ரோல் கொஞ்சம் கம்மியா வந்தா என்ன ஆகும்னு முதல்ல பாத்துடலாம். இன்ஜினுக்குள்ள பெட்ரோலை பீச்சற இன்ஜெக்டர் வழியா போற அளவு பிரஷரோட வர்க்கமூலத்தை பொறுத்தது. எல்எஸ்3க்கு 58 பிஎஸ்ஐ (ஒரு சதுர இன்ச்சுக்கு எத்தனை பவுண்ட் அழுத்தம்ங்கற அளவு) வேணும், ஃபுல் திராட்டில்ல அது 50க்கு இறங்கிடுச்சுன்னு வைங்க, பெட்ரோல் சுமார் 7 சதவீதம் குறையும். 12.6னு டியூன் பண்ணி வச்ச காத்து-பெட்ரோல் விகிதம் 13.6க்கு போயிடும். காத்தை அழுத்தி உள்ள தள்ளற சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜின்னா கொஞ்ச நேரம் தாங்கும், பவர் குறையும், சூடு ஏறும். சூப்பர்சார்ஜரோ டர்போவோ இருந்தா நிலைமையே வேற, டெட்டனேஷன் (பெட்ரோல் சீரா எரியாம வெடிக்கறது) வந்து பிஸ்டன் ஓரம் உருகறதுக்கு சில செகண்ட் போதும். ஃபுல் திராட்டில்ல கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஏற்கனவே எழுதி வச்ச கணக்கைத்தான் நம்பி ஓடும், பிரஷர் இறங்கினது அதுக்கு தெரியவே தெரியாது. தனியா சென்சார் வச்சு சொல்லிக்கொடுத்தாதான் உண்டு.

சரி, எவ்வளவு பெட்ரோல் வேணும்? இதுக்கு பட்டறைக்காரங்க எல்லாரும் போடற ஒரு கணக்கு இருக்கு. சாதாரண இன்ஜின்னா ஒரு ஹெச்பிக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை பவுண்ட் பெட்ரோல், சூப்பர்சார்ஜர் டர்போன்னா 0.6ல இருந்து 0.65 பவுண்ட். அப்ப 430 ஹெச்பி எல்எஸ்3க்கு மணிக்கு 215 பவுண்ட், லிட்டர்ல சொன்னா சுமார் 130. அதே இன்ஜின்ல சூப்பர்சார்ஜர் போட்டு 700 ஹெச்பி எடுக்கணும்னா 455 பவுண்ட், சுமார் 280 லிட்டர். எத்தனால் ஜாஸ்தியா கலந்த இ85 ஊத்தப்போறீங்கன்னா இன்னொரு 30, 35 சதவீதம் சேத்துக்கோங்க. இங்க ஒண்ணு கவனிக்கணும், இந்த கணக்குக்கு கிராங்க்ல (இன்ஜினோட சுழல் தண்டுல) வர்ற ஹெச்பியை போடணும், டைனோங்கற பவர் அளக்கற மெஷின்ல சக்கரத்துல அளந்த நம்பரை போட்டா பத்து பதினஞ்சு சதவீதம் குறைச்சு கணக்கு போட்ட மாதிரி ஆகிடும், நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க.

1969 கேமரோவுல வந்த 350 வி8 ஒண்ணுக்கு கம்பெனி சொன்ன கணக்கு 300 ஹெச்பி. அதுவும் அந்தக்கால க்ராஸ் ரேட்டிங், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் மாட்டாம டெஸ்ட் பெஞ்சுல அளந்தது, 1972ல தான் எல்லாரும் நெட் கணக்குக்கு மாறினாங்க. அதையே முழுசா நம்பினாலும் மணிக்கு 90 லிட்டர் சொச்சம்தான் தேவை. அதுக்கு 5/16 இல்லன்னா 3/8 இன்ச் ஸ்டீல் லைன் தாராளம். இன்னிக்கு கம்பெனிக்காரங்க என்ன பண்றாங்கன்னு பாக்கணும்னா 2015ல வந்த டாட்ஜ் ஹெல்கேட்டை எடுத்துக்கலாம், 707 ஹெச்பி, அதுக்கு அவங்க போட்டது அரை இன்ச் உள்விட்டம் உள்ள லைன். கம்பெனி இன்ஜினியர்கள் காசை வீணாக்கறவங்க இல்ல, 700 ஹெச்பின்னா அரை இன்ச் வேணும்னு அவங்களுக்கு தோணியிருக்குன்னா அதை நாமளும் மதிக்கணும்.

ஆனா பைப் சைஸ்க்கு போறதுக்கு முன்னாடி அதைவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. பெட்ரோலை இழுக்கறோமா, தள்ளறோமா? என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த சப்ஜெக்ட்டோட உயிர்நாடியே இதுதான், இது புரிஞ்சிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

பழைய கேமரோவுல பம்ப் முன்னாடி இன்ஜின் பிளாக்ல இருக்கும், கேம்ஷாஃப்ட் சுத்தும்போது ஒரு லீவரை தட்டும், அது டயாஃப்ரமை அசைக்கும், பின்னாடி டிக்கிக்கு கீழ இருக்கற டேங்க்ல இருந்து பெட்ரோலை அவ்வளவு தூரம் உறிஞ்சிக்கிட்டு வரும். உறிஞ்சறதுன்னா உண்மையில பம்ப் எதையும் இழுக்கறதில்ல, லைனுக்குள்ள பிரஷரை குறைக்குது, டேங்க்ல இருக்கற காத்தோட அழுத்தம் பெட்ரோலை தள்ளி விடுது. கடல் மட்டத்துல நமக்கு கிடைக்கறது மொத்தமே 14.7 பிஎஸ்ஐ. அதுல இருந்துதான் எல்லா இழப்பையும் கழிக்கணும், கழிச்சு மிச்சம் நிக்கறது பெட்ரோலோட ஆவி அழுத்தத்துக்கு கீழ போச்சுன்னா பெட்ரோல் லைனுக்குள்ளயே கொதிக்க ஆரம்பிச்சிடும். அமெரிக்காவுல கோடைக்கால பெட்ரோலுக்கு ஆவி அழுத்த வரம்பு பொதுவா 9 பிஎஸ்ஐ, அது 38 டிகிரி செல்சியஸ்ல அளக்கறது. அப்ப 38 டிகிரில கையில இருக்கறது 5.7 பிஎஸ்ஐ. இப்ப கார் நின்ன இடத்துல இருந்து 1 ஜி வேகத்துல பாயுதுன்னு வைங்க, மூணு மீட்டர் நீளத்துக்கு லைன்ல இருக்கற பெட்ரோல் பின்னாடி போகப் பாக்கும், அதோட பாரத்துக்கே சுமார் 3.2 பிஎஸ்ஐ போயிடும். மிச்சம் ரெண்டரை. இதுக்குள்ள பைப் உரசல், வளைவு, ஃபில்டர், டேங்க் உள்ள இருக்கற சல்லடை எல்லாத்தையும் சமாளிக்கணும், அதுவும் பெட்ரோல் 38 டிகிரிலயே இருந்தாதான். ஹெடர் பக்கத்துல ஓடற லைன்ல, வெயில் நாள்ல, ட்ராஃபிக்ல நின்னு சூடான இன்ஜின் பே உள்ள 38 டிகிரியா இருக்கும்? குளிர்காலத்துக்குன்னு விக்கற பெட்ரோலோட ஆவி அழுத்தம் இன்னும் ஜாஸ்தி, மார்ச் மாசம் திடீர்னு ஒரு வெயில் நாள் வந்தா பழைய கார்லாம் சிக்னல்ல நின்னு திணறறது அதனாலதான். வேப்பர் லாக்னு சொல்றது இதைத்தான்.

அதனால உறிஞ்சற பக்கம் ஒவ்வொரு பிஎஸ்ஐயும் தங்கம். தள்ளற பக்கம் அப்படி இல்ல, அங்க பம்ப் 58 பிஎஸ்ஐ கொடுக்குது, நடுவுல ரெண்டு போனா பம்ப் அதை சேத்து உழைச்சு கொடுத்துடும், பிரஷர்ல இருக்கற பெட்ரோல் அவ்வளவு சுலபத்துல கொதிக்கவும் செய்யாது. எல்எஸ் இன்ஜின்ல மெக்கானிக்கல் பம்ப் மாட்ட இடமே கிடையாது, கம்பெனியிலேயே டேங்க் உள்ள எலக்ட்ரிக் பம்ப் வச்சுதான் டிசைன் பண்ணினாங்க. எலக்ட்ரிக் பம்ப் நல்லா தள்ளும், உறிஞ்சறதுல ரொம்ப வீக். அதனால இன்ஜின் பே உள்ள, இல்லன்னா டேங்கை விட உசரமா எங்கயாவது பம்பை மாட்டறது சுத்தமா தப்பு, டேங்க் பக்கத்துல டேங்கோட அடிமட்டத்துக்கு மாட்டினாலே ஓரளவுதான், டேங்க் உள்ளயே பெட்ரோல்ல மூழ்கி இருந்தா அதுதான் சரியான இடம். சத்தமும் கம்மி, பம்பும் கூலா இருக்கும், உறிஞ்சற பக்கம்னு ஒண்ணு கிட்டத்தட்ட இல்லாமலே போயிடும்.

பழைய டேங்க்ல இன்னொரு தொல்லை இருக்கு. இன்ஜெக்‌ஷனுக்கு வேண்டிய மாதிரி உள்ள தடுப்பு கிடையாது. கார்புரேட்டர் கார்ல அது பிரச்சனை இல்ல, ஏன்னா கார்புரேட்டர் கிண்ணத்துல கொஞ்சம் பெட்ரோல் எப்பவும் நிக்கும், ஒரு வளைவுல திரும்பும்போது ரெண்டு செகண்ட் காத்து உறிஞ்சினாலும் இன்ஜினுக்கு தெரியாது. இன்ஜெக்‌ஷன்ல அந்த கிண்ணம் இல்ல, பம்ப் ஒரு வாய் காத்து குடிச்சாலே பிரஷர் விழுந்துடும். கால் டேங்க் பெட்ரோலோட ஹைவே ரேம்ப்ல வேகமா திரும்பினா இன்ஜின் இருமுதுன்னா காரணம் இதுதான், லைனை மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல. டேங்க்ஸ் இன்க், ரிக்ஸ் டேங்க்ஸ் மாதிரி ஆளுங்க கேமரோவுக்கு அப்படியே பொருந்தற மாதிரி, உள்ள தடுப்பும் பம்புக்கு குழியும் வச்சு டேங்க் விக்கறாங்க. பழைய டேங்கையே வச்சுக்கணும்னா ஏரோமோட்டிவோட ஃபேன்டம் கிட் இருக்கு, மேல ஓட்டை போட்டு உள்ள இறக்கறது. ஹோலியோட ஹைட்ராமேட்னு ஒரு விரிப்பு கூட இருக்கு, டேங்க் அடியில விரிச்சிட்டா எந்த மூலையில பெட்ரோல் இருந்தாலும் அந்த இடத்துல இருந்து எடுத்துக்கும், காத்து பட்ட இடம் தானா அடைச்சுக்கும். என் கருத்து என்னன்னா, 50 வருஷத்துக்கு மேல துருவும் பிசினும் சேந்த டேங்கை காப்பாத்தறதுல அர்த்தமே இல்ல, மொத்த பட்ஜெட்ல எங்க குறைச்சாலும் இங்க குறைக்காதீங்க.

இப்ப பைப் சைஸ்க்கு வருவோம். 3/8 இன்ச் ஸ்டீல் டியூப்னா அது வெளிவிட்டம், சாதாரணமா வர்ற 0.035 இன்ச் சுவர் தடிமன்ல உள்விட்டம் 0.305 இன்ச்தான். அரை இன்ச் டியூப்ல 0.430. உள்பரப்பு அப்படியே ரெண்டு மடங்கு ஆகுது, ஆனா உரசல் இழப்பு விட்டத்தோட கிட்டத்தட்ட அஞ்சாவது அடுக்குக்கு போறதால, அதே அளவு பெட்ரோலுக்கு அரை இன்ச்ல இழப்பு அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கும். கேக்க பிரமாதமா இருக்கு, அதனால எல்லாரும் பெருசா போடு பெருசா போடுன்னு சொல்றாங்க, ஆனா அசல் நம்பரை பாருங்க. எல்எஸ்3க்கு மணிக்கு 255 லிட்டர் தள்ளற பம்ப் ஒண்ணை முழுசா ஓடவிட்டா கூட நாலு மீட்டர் நேர் 3/8 பைப்ல போற இழப்பு ஒன்றரை பிஎஸ்ஐ பக்கம்தான். 58 பிஎஸ்ஐ சிஸ்டத்துல அது ஒண்ணுமே இல்ல. வெறும் எல்எஸ்3க்கு நல்ல 3/8 லைன் போதும், 500, 550 ஹெச்பி வரைக்கும் நிம்மதியா ஓட்டலாம். அதே பைப்ல மணிக்கு 400 லிட்டர் தள்ளினா மூணரை பிஎஸ்ஐக்கு மேல போகும், கூடவே வளைவு, ஃபில்டர், ஃபிட்டிங் எல்லாம் சேரும், அதுக்கு மேல பூஸ்ட்டுக்கு (சூப்பர்சார்ஜர் தள்ளற காத்தோட அழுத்தம்) தகுந்த பிரஷரையும் பம்ப் கொடுக்கணும், அங்கதான் அரை இன்ச் தேவைப்படுது. ஆக 600 ஹெச்பி தாண்டப்போறவங்களுக்கு அரை இன்ச், மத்தவங்களுக்கு 3/8, ஆனா பம்பை டேங்க்குக்கு வெளிய மாட்டறவங்க பம்புக்கு முன்னாடி இருக்கற அந்த சின்ன துண்டை மட்டும் எப்பவும் ஒரு சைஸ் பெருசா போட்டே ஆகணும், அங்க பேராசைப்படலாம்.

காருக்கு அடியில படுத்து பாத்தா சிவப்பும் நீலமுமா தெரியற ஃபிட்டிங் எல்லாம் ஏஎன் ஸ்டாண்டர்ட், அமெரிக்க ராணுவமும் கடற்படையும் விமானங்களுக்காக கொண்டு வந்தது. நம்பர் ஒவ்வொண்ணும் 1/16 இன்ச், அதனால ஏஎன்-6ன்னா 3/8, ஏஎன்-8ன்னா அரை இன்ச், ஏஎன்-10னா 5/8. இதுல டியூப் முனையை 37 டிகிரில விரிக்கணும். சாதாரண கார் பிரேக் லைனுக்கு உபயோகப்படுத்தற ஃப்ளேரிங் டூல் 45 டிகிரி, அதை வச்சு விரிச்சு ஏஎன் ஃபிட்டிங்ல மாட்டினா மொதல்ல பிடிச்ச மாதிரிதான் இருக்கும், ஒரு கோடு மாதிரிதான் தொட்டுக்கிட்டு இருக்கும், அப்புறம் அதிர்வுல கசியும். இறுக்கினா சரியாகிடும்னு இன்னும் முறுக்கி அலுமினியம் நட்டை உடைக்கறவங்களும் உண்டு.

ஹோஸ் விஷயத்துக்கு கொஞ்சம் நேரம் செலவழிக்கணும், ஏன்னா தீப்பிடிக்கறது இங்கதான். கடையில பெட்ரோல் ஹோஸ்னு கேட்டா கொடுக்கறது பெரும்பாலும் எஸ்ஏஇ ஜே30 ஆர்7 ரகம், கார்புரேட்டர் கால குறைஞ்ச பிரஷருக்கு உண்டானது, 50 பிஎஸ்ஐ ரேட்டிங். அதை 58 பிஎஸ்ஐ சிஸ்டத்துல மாட்டி, வீட்டுக்குழாய்க்கு போடற திருகு கிளாம்ப்பை போட்டு இறுக்கறது வெடிகுண்டு வைக்கற வேலை. இன்ஜெக்‌ஷனுக்கு ஆர்9 வேணும், டேங்க் உள்ள மூழ்கி இருக்கற துண்டுக்கு ஆர்10 மட்டும்தான். உள்ளயும் வெளியயும் பெட்ரோல் படற ஹோஸ் தனி ரகம், சாதாரண ஹோஸை உள்ள போட்டா வெளிப்பக்க ரப்பர் ஊறி கூழாகி, அதுவே பம்ப் சல்லடையை அடைச்சிடும். ஹோஸ் மேலயே இந்த எழுத்து அச்சடிச்சிருக்கும், எழுத்து இல்லாத ஹோஸை வாங்காதீங்க.

எத்தனால் வந்த பிறகு இது இன்னும் சிக்கலாச்சு. 2003 முடிவுல கலிஃபோர்னியாவுல எம்டிபிஇங்கற பெட்ரோல் சேர்மானத்தை கலக்கறதை நிறுத்தினதும் அந்த இடத்துக்கு எத்தனால் வந்துச்சு, இப்ப அமெரிக்காவுல பங்க்ல கிடைக்கறது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் உள்ள இ10. பழைய ரப்பரை அது மெதுவா தின்னும், உள்சுவர் உப்பி உரிஞ்சு வரும், வெளிய பாத்தா நல்லா இருக்கற மாதிரியே தெரியும். இந்தியாவுலயும் இப்ப 20 சதவீதம் வந்தாச்சு, அதனால அம்பாசடரோ கான்டெஸாவோ வச்சிருக்கறவங்களும் ஹெச்பி ஏத்தறாங்களோ இல்லையோ ஹோஸை ஒரு தரம் பாத்துடறது நல்லது. இ85ன்னு விக்கறதுல எத்தனால் 51ல இருந்து 83 சதவீதம் வரைக்கும் சீசனுக்கு தகுந்த மாதிரி மாறும், அதுக்கு பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஹோஸ் தவிர வேற எதையும் நான் சொல்லமாட்டேன். மேல பளபளன்னு ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் எல்லாம் ஒண்ணுன்னு நினைக்காதீங்க, பின்னலுக்குள்ள சாதா ரப்பர் இருந்தா ஒரு வருஷத்துல கராஜ் முழுக்க பெட்ரோல் வாசனை அடிக்கும், லீக் எங்கன்னு தேடினா ஒரு சொட்டும் தெரியாது, ஏன்னா ஆவி ரப்பர் சுவர் வழியாவே வெளிய வருது. பிடிஎஃப்இல அந்த பிரச்சனை இல்ல. வாங்கும்போது உள்சுவர் கருப்பா, கார்பன் கலந்ததா இருக்கான்னு பாருங்க, வெள்ளையா இருக்கற பிடிஎஃப்இல பெட்ரோல் வேகமா ஓடும்போது நிலைமின்சாரம் சேந்து பொறி தட்டி ஹோஸ்ல ஊசி ஓட்டை போட்டுடும்.

பிடிஎஃப்இ ஹோஸ் முனையை கட்டறதுக்கு பொறுமை வேணும். வெட்டற இடத்துல டேப்பை நல்லா இறுக்கி ரெண்டு மூணு சுத்து சுத்தி, மெல்லிசான கட்டிங் வீல்ல நேரா வெட்டணும், ஆக்ஸா பிளேடால வெட்டினா பின்னல் பிரிஞ்சு கம்பி விரல்ல குத்தும். வெட்டினதும் உள்ள ஊதி துடைக்கணும், அந்த தூள் இன்ஜெக்டருக்கு போனா கதை முடிஞ்சது. அப்புறம் நட்டை பின்னல் மேல தள்ளிட்டு, பின்னலை உள்குழாய்ல இருந்து சுத்தி விலக்கி, ஆலிவ்னு சொல்ற பித்தளை வளையத்தை உள்குழாய்க்கும் பின்னலுக்கும் நடுவுல நுழைக்கணும். ஒரு கம்பி கூட ஆலிவுக்கு உள்ள மாட்டக்கூடாது, மாட்டினா கண்டிப்பா கசியும். உள்குழாய் ஆலிவோட விளிம்புல போய் முட்டி நிக்கற வரைக்கும் சமமா அழுத்தி, ஃபிட்டிங் மூக்கை உள்ள விட்டு, மரையில ஒரு சொட்டு எண்ணெய் வச்சு, நட்டை ஏத்தணும். ஏத்தறதுக்கு முன்னாடி நட்டுக்கு பின்னாடி ஹோஸ்ல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க, இறுக்கும்போது அந்த கோடு நட்டை விட்டு விலகிச்சுன்னா ஹோஸ் பின்வாங்குதுன்னு அர்த்தம், கழட்டி புது ஆலிவ் போட்டு திரும்ப பண்ணணும். ஒரு தரம் நசுங்கின ஆலிவை திரும்ப உபயோகப்படுத்தாதீங்க.

கார் முழு நீளத்துக்கும் ஹோஸ் போடறவங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்காது. அடியில கல் அடிக்கும், ஜாக் படும், அதனால நடுவுல நீளமான பாகம் உலோக டியூபாவும், டேங்க் பக்கம் கொஞ்சம், இன்ஜின் பக்கம் கொஞ்சம் மட்டும் ஹோஸாவும் இருக்கறதுதான் பல வருஷம் நிக்கும். கேமரோவுல முன்பக்க சப்ஃப்ரேம் தனியா ரப்பர் புஷ் மேல உக்காந்திருக்கு, இன்ஜினும் அதோட மவுண்ட்ல ஆடும், அதனால பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வளையற ஹோஸ் கண்டிப்பா வேணும், இறுக்கமா இல்லாம கொஞ்சம் தளர்வா. டியூபுக்கு ஸ்டெயின்லஸ் போட்டா காரை விட அதிக நாள் உழைக்கும், ஆனா வளைக்கறதும் ஃப்ளேர் பண்றதும் கஷ்டம். நிக்கல்-காப்பர் கலவை கையாலயே வளையும், துரு பிடிக்காது, வீட்டுல வச்சு பண்றவங்களுக்கு அதுதான் வசதி. சுத்த காப்பர் வேண்டாம், அதிர்வுல இறுகி வெடிச்சிடும். அலுமினியம் லேசு, ட்ராக் காருக்கு ஓகே, ஆனா ரோடு உப்பு போடற ஊர்ல ஓட்டற காருக்கு நான் போடமாட்டேன்.

பிரஷரை ஒரே அளவுல வச்சிருக்கற ரெகுலேட்டரை எங்க வைக்கறதுங்கறது இன்ஜினை பொறுத்தது. சூப்பர்சார்ஜர் இல்லாத எல்எஸ்3ன்னா 1999ல இருந்து 2003 வரைக்கும் வந்த கார்வெட்டோட ஃபில்டர்-ரெகுலேட்டர் ஒண்ணு போதும், மூணு வாய் இருக்கும், 58 பிஎஸ்ஐல தானா நிறுத்திடும், டேங்க் பக்கத்துலயே மாட்டிட்டு அங்கயே ரிட்டர்னை (மிஞ்சின பெட்ரோல் திரும்பற லைன்) டேங்க்குக்கு திருப்பிட்டா முன்னாடி ஒரே லைன்தான் போகும். சூடான இன்ஜின் வரைக்கும் போய் திரும்பற பெட்ரோல் டேங்க்கை சூடாக்கற தொல்லையும் இல்ல. ஆனா அது பூஸ்ட்டை பாத்து பிரஷரை ஏத்தாது. சூப்பர்சார்ஜர்ல 10 பிஎஸ்ஐ பூஸ்ட் வந்தா இன்ஜெக்டர் வாய்ல அந்த 10 எதிர்த்து நிக்கும், 58 இருந்தும் உண்மையில 48தான் வேலை செய்யும், 9 சதவீதம் பெட்ரோல் காணாம போயிடும். அதனால பூஸ்ட்டுக்கு வேக்யூம் ஹோஸ் மாட்டற, ஒண்ணுக்கு ஒண்ணு ஏத்தற ரெகுலேட்டரை, இன்ஜெக்டர்களுக்கு பெட்ரோலை பிரிச்சு கொடுக்கற ரெயிலுக்கு அப்புறம் வச்சு, முழு ரிட்டர்ன் லைன் போடணும். ஏசி வச்ச பழைய கார் சிலதுல ஆவி திரும்பறதுக்குன்னு ஒரு 1/4 இன்ச் லைன் இருக்கும், அதையே ரிட்டர்னா உபயோகப்படுத்தலாம்னு தோணும், வேண்டாம். ஐடில்ல இன்ஜின் குடிக்கறது ரொம்ப கொஞ்சம், பம்ப் தள்ளற மொத்தமும் ரிட்டர்ன்லதான் போகணும், வழி சின்னதா இருந்தா ரெகுலேட்டர் முழுசா திறந்தாலும் பிரஷர் இறங்காது, ஐடில்ல 70 காட்டும், டியூனர் தலையை பிச்சுக்குவாரு.

கரன்டும் இதுல சேத்திதான். 13.5 வோல்ட்ல எழுதின பம்ப் ரேட்டிங், 11.5 வோல்ட்ல பாதி நம்பிக்கை கூட தராது. பழைய கார்ல இக்னிஷன் ஸ்விட்ச்ல இருந்து ஒல்லி வயரை அவ்வளவு தூரம் பின்னாடி இழுத்துட்டு போனா அதுதான் நடக்கும். பேட்டரில இருந்து ஃபியூஸ் போட்டு 10 கேஜ் வயர் நேரா பின்னாடி, பம்ப் பக்கத்துல ரிலே, எர்த்தும் அதே மொத்தத்துல பெயின்ட் சுரண்டின இடத்துல. ரிலேயை ஆன் பண்றது இன்ஜின் கம்ப்யூட்டரா இருக்கணும், சாவி போட்டா ரெண்டு மூணு செகண்ட் ஓடிட்டு இன்ஜின் சுத்தலன்னா நின்னுடும். சாவியிலயே நேரா கொடுத்துட்டா, விபத்துல லைன் அறுந்து இன்ஜின் நின்ன பிறகும் பம்ப் பெட்ரோலை ரோட்டுல ஊத்திக்கிட்டே இருக்கும். ஃபோர்டு 80கள்ல இருந்து போட்டு வந்த, கார் இடிச்சா பம்ப் கரன்டை வெட்டற இனர்ஷியா ஸ்விட்ச் பழைய பார்ட்ஸ் கடையில சல்லிசா கிடைக்கும், அதையும் சேத்து போட்டுடுங்க.

லைன் போற வழியில எக்ஸாஸ்ட் பக்கம் போகாதீங்க, போயே ஆகணும்னா நடுவுல தகடு தடுப்பு. ரப்பர் வச்ச கிளாம்ப் ஒண்ணரை அடிக்கு ஒண்ணு, பிளாஸ்டிக் டை வேண்டவே வேண்டாம். ஃப்ளைவீல் பக்கத்துல லைனை கொண்டு போறதை எப்படியாவது தவிர்க்கணும். கிளட்ச் வெடிச்சா சில்லு முதல்ல வெட்டறது அதைத்தான், அமெரிக்க நேர்கோட்டு கார் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏவோட விதியில அந்த இடத்துல போற லைனை 1/8 இன்ச் சுவர் தடிமன் உள்ள ஸ்டீல் பைப்புக்குள்ள 16 இன்ச் நீளத்துக்கு விடணும்னு இருக்கறது அதனாலதான். டேங்க் வென்ட்டையும் மறந்துடக்கூடாது. 1969 கேமரோ பழைய முறையில காத்து விடற மூடியோட வந்தது, ஆவி வெளிய போகாம அடைக்கற சிஸ்டம் கலிஃபோர்னியாவுல 1970ல, நாடு முழுக்க 1971ல தான் வந்துச்சு. புது டேங்க்ல அடைச்ச மூடி போட்டுட்டு வென்ட் விட மறந்தா, பம்ப் உறிஞ்ச உறிஞ்ச டேங்க்ல வேக்யூம் சேரும், கொஞ்ச தூரம் ஓடி பவர் குறையும், மூடியை திறந்தா புஸ்ஸுன்னு சத்தம் வரும், திரும்ப நல்லா ஓடும். கார் கவிழ்ந்தா அடைச்சுக்கற வால்வ் போட்ட வென்ட் லைனை டேங்க்கை விட உசரத்துக்கு கொண்டு போய் வெளிய விடணும்.

எல்லாம் மாட்டின பிறகு இன்ஜினை உடனே ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. காருக்கு அடியில காய்ஞ்ச அட்டை விரிச்சு, பக்கத்துல தீயணைப்பான் வச்சு, இன்ஜினை சுத்தாம பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளை டிஷ்யூவால துடைச்சு பாருங்க, டிஷ்யூல ஈரம் பட்டா ஜாயின்ட்டை கழட்டி பாக்கணும், இன்னும் முறுக்கி மூடி மறைக்கக்கூடாது. பம்பை நிறுத்தினதும் கேஜ் உடனே சைபருக்கு விழுந்தா எங்கயோ கசியுது, இல்லன்னா பம்ப்ல செக் வால்வ் பிடிக்கல. முதல் தடவை இன்ஜின் நல்லா சூடாகி முழுசா ஆறின பிறகு எல்லா நட்டையும் திரும்ப ஒரு தரம் தொட்டு பாக்கணும், பம்புக்கு அப்புறம் இருக்கற 10 மைக்ரான் ஃபில்டரை முதல் சில நூறு மைல்ல மாத்திடணும், ஏன்னா வேலை செய்யும்போது விழுந்த தூள் எல்லாம் அதுலதான் சேந்திருக்கும். கடைசியா டைனோவுலயோ ட்ராக்லயோ மேல் கியர்ல, ஃபுல் திராட்டில்ல, ரெட்லைன் வரைக்கும் ரெயில் பிரஷரை பதிவு பண்ணுங்க. பிரஷர் நேர்கோடா நின்னா லைன், பம்ப், வயர் எல்லாம் சரி. ஆர்பிஎம் ஏற ஏற கோடு சரிஞ்சா, பம்ப் கிட்ட ஓடும்போதே வோல்டேஜை அளங்க, அது சரியா இருந்தா ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் பிரஷரை பாருங்க, அதுவும் சரின்னா பம்பே அந்த ஹெச்பிக்கு பத்தல, அது தெரியற வரைக்கும் பூஸ்ட்டை ஏத்தாதீங்க.